குளிர்காலத்துக்கு ஒரு வேலை

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"பணி ஓய்வுக்குப் பின்" என்று செயலாளர் எனக்குத் தலைப்புக் கொடுத்தார். அதே தலைப்பில் எனக்கு முன்னால் மூன்று பேர் பேசிவிட்டார்கள். ஒருவர் தியானம், ஒருவர் மியூச்சுவல் ஃபண்ட், ஒருவர் முழங்கால் வலி. மூன்றும் நமக்குத் தேவைதான். நான் பேசப்போவது முதலையைப் பற்றி. சிரிக்காதீர்கள், நிஜமாகவே முதலையைப் பற்றித்தான்.

நான் இந்தக் கல்லூரியில் 1978 முதல் 1981 வரை விலங்கியல் படித்தவன். அடுத்த ஆண்டே வங்கியில் வேலை கிடைத்தது. 2021-ல் ஓய்வு பெற்றேன். இடையில் முப்பத்தொன்பது வருஷம். அத்தனை காலத்தில் நான் பக்கத்தில் போய்ப் பார்த்த விலங்கு என்றால், கடன் கொடுத்த கறவை மாட்டுக்குக் காதில் டோக்கன் இருக்கிறதா என்று சரிபார்க்கப் போன மாடுகள்தான். விலங்கியல் அவ்வளவோடு சரி.

ஓய்வு பெற்ற மறு வருஷம் டிசம்பரில் நானும் என் மனைவியும் அமெரிக்கா போனோம். மகள் ஃபுளோரிடா மாநிலத்தில் டாம்பா நகரில் இருக்கிறாள். பிள்ளைகளைப் பார்க்கப் போகும் நம் வயதுக்காரர்களுக்கு அங்கே என்ன வேலை என்று இங்கே பலருக்குத் தெரியும். மெஷினில் பாத்திரம் அடுக்குவது, பேரனுக்குத் தோசை வார்ப்பது, ஜன்னல் வழியாக ஆளில்லாத தெருவைப் பார்ப்பது. ஒரு சனிக்கிழமை மாப்பிள்ளை எங்களை ஹில்ஸ்பரோ ஆற்று மாநிலப் பூங்காவுக்கு அழைத்துப் போனார். பூங்கா என்றால் நம் ஊர் ஊஞ்சல், சறுக்குமரம் இல்லை. காடு, நடுவில் ஆறு, ஆற்றில் அலிகேட்டர் என்ற அந்த ஊர் முதலை.

காட்டுக்குள் ஒரு பக்கம் வரிசையாக வண்டிகள் நின்றன. ஒவ்வொன்றும் நம் ஊர் ஆம்னி பஸ் நீளம். உள்ளே படுக்கை, அடுப்பு, குளியலறை எல்லாம் உண்டு. நம் ஊரில் கேரவன் என்றால் படப்பிடிப்பில் நடிகர் ஏறி உட்காரும் வண்டி. அங்கே அது ரிடையரானவர்களின் வீடு. மிச்சிகன் போன்ற வடக்கு மாநிலங்களிலும் கனடாவிலும் பனி கொட்ட ஆரம்பித்ததும் வீட்டைப் பூட்டிவிட்டு, இந்த வண்டியை ஓட்டிக்கொண்டு தெற்கே வந்துவிடுகிறார்கள். பங்குனி வாக்கில் திரும்பிப் போகிறார்கள். பனிப்பறவைகள் என்றே அவர்களுக்குப் பெயர். வேடந்தாங்கலுக்கு வரும் கூட்டத்தை நினைத்துக்கொள்ளுங்கள், அதே கணக்குத்தான்.

ஒரு வண்டி வாசலில் எழுபது வயதுக்கு மேலான ஒருவர் துடைப்பமும் வாளியுமாக நின்றிருந்தார். அவர்தான் அந்த முகாமின் பொறுப்பாளர். சம்பளம் கிடையாது. வாரத்துக்கு இருபது மணி நேரத்துக்குக் குறையாமல் வேலை செய்ய வேண்டும். பதிலுக்கு வண்டி நிறுத்த இடம், மின்சாரம், தண்ணீர் எல்லாம் இலவசம். வேலை என்ன? கழிப்பறையைச் சுத்தம் செய்வது, அடுப்புக் குழியில் சாம்பல் அள்ளுவது, வருகிறவர்களுக்கு இடம் காட்டுவது, இரவில் சத்தம் போடுகிறவர்களிடம் போய் மெதுவாகச் சொல்வது. மிச்சிகனில் கார் தொழிற்சாலையில் மேற்பார்வையாளராக இருந்தவராம். அவரும் அவர் மனைவியும் ஒவ்வொரு குளிர்காலத்திலும் ஒரு பூங்காவில் இப்படி இருப்பார்களாம்.

நம் புத்தி போகாதே! "இவ்வளவு அனுபவம் உள்ள உங்களுக்குக் கழிப்பறை கழுவும் வேலையா?" என்று கேட்டேன். அவருக்குக் கோபம் வரவில்லை. பூங்காவுக்குத் தன் அனுபவம் தேவைப்படவில்லை, காலை எட்டு மணிக்குத் தான்தான் தேவைப்படுகிறேன் என்றார். அந்த வித்தியாசம் எனக்கு அன்றைக்கு முழுதாகப் புரியவில்லை. மனதில் மட்டும் உட்கார்ந்துகொண்டது.

அந்த நாட்டில் இது ஏதோ நல்ல மனசுக்காரர்கள் நாலு பேர் செய்கிற காரியம் இல்லை. தேசியப் பூங்காக்களில் தொண்டர்களைச் சேர்த்துக்கொள்ள 1970-லேயே சட்டம் போட்டிருக்கிறார்கள். ஃபுளோரிடாவில் குளிர்காலம்தான் மழை இல்லாத, கொசு குறைந்த காலம். பார்வையாளர்கள் குவிவதும் அப்போதுதான். எனவே பூங்காவுக்கு ஆள் தேவைப்படும் அதே மாதங்களில் பனிப்பறவைகள் வந்து இறங்குகிறார்கள். கை தேவைப்படுகிற நேரமும் கை சும்மா இருக்கிற நேரமும் பொருந்திப் போகின்றன. பூங்காவுக்கும் லாபம், வந்தவருக்கும் லாபம். இதில் தியாகம் என்று ஒன்றும் இல்லை, அதனால்தான் அது நடக்கிறது என்று நான் நினைக்கிறேன்.

நம் ஊரில் இதற்கு வழியில்லை என்று யாராவது சொன்னால், வேடந்தாங்கலைச் சொல்வேன். செங்கல்பட்டுச் சீமையில் அந்த ஏரிக்கு வரும் பறவைகளை வெள்ளைக்காரச் சிப்பாய்கள் சுட்டார்கள் என்று ஊர்மக்கள் கலெக்டரிடம் முறையிட்டு, சுடக்கூடாது என்று எழுதி வாங்கினார்கள். 1790-களில் நடந்தது இது. பறவை எச்சம் விழுந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு உரம். பறவைக்குக் காவல், வயலுக்கு உரம். தொண்டு என்று அதற்கு அவர்கள் பெயர் வைக்கவில்லை.

ஊர் திரும்பியதும் நண்பர் ஒருவர், "நீயும் ஒரு கேரவன் வாங்கிடுப்பா" என்றார். கேரளத்தில் 2021-ல் கேரவன் சுற்றுலாத் திட்டமே அறிவித்தார்கள், தெரியும். ஆனால் என் பென்ஷனுக்கு வண்டி கட்டாது. வாங்கினாலும் எங்கள் தெருவில் அது திரும்பாது. நமக்கு வண்டி முக்கியம் இல்லை. குளிர்காலம் நாலு மாசம் ஓர் இடத்தில் போய் இருந்து ஒரு வேலையைப் பொறுப்பாகச் செய்வது, அதுதான் முக்கியம். அதற்கு ஒரு வாடகை அறையும் பஸ் வசதியும் போதும்.

அப்படித்தான் நெம்மேலிக்குப் போனோம். கிழக்குக் கடற்கரைச் சாலையில் மாமல்லபுரத்துக்குக் கொஞ்சம் வடக்கே இருக்கிறது. சென்னைக்காரர்களுக்கு நெம்மேலி என்றதும் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலைதான் நினைவுக்கு வரும். 2013-ல் ஒன்று, 2024 பிப்ரவரியில் இன்னொன்று திறந்தார்கள். எங்களுக்கு அதில் வேலை இல்லை. பக்கத்தில் வடநெம்மேலியில் முதலைப் பண்ணை இருக்கிறது. மார்கழி பிறக்கும்போது போவோம், பங்குனியில் திரும்புவோம். இது மூன்றாவது குளிர்காலம்.

இந்நாள் மாணவர்களுக்காகப் பண்ணையைப் பற்றிக் கொஞ்சம் சொல்கிறேன். தோலுக்காக வேட்டையாடியே நம் நாட்டு முதலைகளை ஒழிக்கும் நிலைக்கு வந்திருந்தார்கள். 1972-ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. சென்னையில் பாம்புப் பண்ணையைத் தொடங்கிய ராமுலஸ் விட்டேக்கர் 1976-ல் இந்த முதலைப் பண்ணையைத் தொடங்கினார். சதுப்பு நில முதலை, உவர்நீர் முதலை, கரியால் என்ற நம் நாட்டு மூன்று இனங்களையும் காப்பாற்றி, இனம் பெருக்க வைக்க வேண்டும் என்பது நோக்கம். பெருகின. இப்போது வெளிநாட்டு இனங்களும் சேர்ந்து பெரிய குடும்பமாகிவிட்டது.

வடகிழக்குப் பருவமழை ஓய்ந்ததும் அங்கே கூட்டம் ஆரம்பித்துவிடும். பள்ளிக்கூடச் சுற்றுலா, அரையாண்டு விடுமுறை, மேல்மருவத்தூர் போய்த் திரும்பும் பஸ்கள், பொங்கல். காணும் பொங்கலன்று மாமல்லபுரம் சாலையில் போனவர்களுக்குக் கூட்டம் என்றால் என்னவென்று நான் சொல்ல வேண்டாம்.

முதல் நாள் ஒரு நோட்டுப் புத்தகத்தோடு போனேன். பார்வையாளர் வரிசையை எப்படி ஒழுங்குபடுத்தலாம், அறிவிப்புப் பலகைகளை எப்படி மாற்றலாம் என்று பதினாலு யோசனை எழுதி வைத்திருந்தேன். கிளை மேலாளராக இருந்தவன் அல்லவா! அங்கே வேலை செய்யும் ஒரு பெண், என் மகள் வயது இருக்கும், பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "சார், யோசனை நிறைய வருது. ஆள்தான் வரமாட்டேங்குது. நாளைக்குக் காலையில ஒன்பது மணிக்கு வந்து அந்தத் தொட்டி பக்கத்துல நிக்கிறீங்களா?" மிச்சிகன்காரர் சொன்னதன் பொருள் எனக்கு அப்போதுதான் புரிந்தது.

நின்றேன். இன்றும் நிற்கிறேன். கால் வலித்தால் உட்கார ஒரு முக்காலி உண்டு.

அங்கே என் வேலை என்ன தெரியுமா? கல் எறியாமல் பார்த்துக்கொள்வது. முதலை அசையாமல் கிடக்கும். வாயைத் திறந்து வைத்திருந்தால் திறந்தபடியே இருக்கும். பார்க்கிறவனுக்குச் சந்தேகம் வரும். "சார், இது நிஜமா, பொம்மையா?" ஒரு நாளைக்கு இருநூறு தடவை இந்தக் கேள்வி. பதில் சொல்ல ஆள் இல்லையென்றால் அவனே ஒரு கல்லை எடுத்துச் சோதித்துப் பார்த்துவிடுவான். கெட்ட எண்ணம் இல்லை, தெரிந்துகொள்ளும் ஆசைதான். அந்த ஆசைக்குக் கல் எடுப்பதற்குள் ஒரு பதில் கிடைத்துவிட்டால் கை கீழே இறங்கிவிடும். அதற்குத்தான் நான்.

"அது தூங்கலைப்பா, வெயில் வாங்குது. நமக்கு உடம்புச் சூடு உள்ளேயிருந்து வருது, அதுக்கு வெளியே இருந்து வரணும். மார்கழிக் குளிர்ல காலையில அது உன்னை மாதிரிதான், எழுந்திருக்கவே மனசு வராது." பிள்ளைகள் சிரிப்பார்கள். அடுத்த கேள்வி, "என்ன சாப்பிடும்?" அதற்கடுத்து, "மனுஷனைச் சாப்பிடுமா?" முட்டை இருக்கும் மண்ணின் சூட்டைப் பொறுத்துத்தான் உள்ளே வளர்வது ஆணா பெண்ணா என்பது முடிவாகிறது என்று சொன்னால் பிள்ளைகளைவிட டீச்சர்கள்தான் வாயைப் பிளக்கிறார்கள். சதுப்பு நில முதலைக்குக் குளிர்காலம்தான் ஜோடி சேரும் காலம். மாசி, பங்குனியில் மண்ணைத் தோண்டி முட்டையிடும். இந்தப் பண்ணையில் ஒரே முதலை ஒரே வருஷத்தில் இரண்டு முறை முட்டையிட்டதை ஆராய்ச்சியாகவே எழுதியிருக்கிறார்கள். 1981-ல் பரீட்சையோடு மறந்த பாடமெல்லாம் அறுபது வயதுக்கு மேல் எனக்குத் திரும்பி வந்தது. என் பேராசிரியர் இங்கே இருக்கிறார், அவர் நம்பமாட்டார்.

என் மனைவியைப் பற்றிச் சொல்லாவிட்டால் வீட்டுக்குப் போக முடியாது. முப்பது வருஷம் அரசுப் பள்ளி ஆசிரியை. மூன்று பஸ் பிள்ளைகள் ஒன்றாக வந்து இறங்கும்போது, விசில் இல்லாமல், குரலை உயர்த்தாமல், இரண்டிரண்டு பேராக நிறுத்தி உள்ளே அனுப்பிவிடுவார். பண்ணையில் என்னை "டீச்சரம்மா வீட்டுக்காரர்" என்றுதான் சொல்கிறார்கள்.

இனி, இங்கே நான் முக்கியமாகச் சொல்ல வந்த விஷயம். இதில் நம் சங்கத்து நண்பர்கள் சிலருக்கு என்னோடு கருத்து வேறுபாடு உண்டு. போன வருஷம் ஒரு நண்பர், "நாற்பது பேர் சேர்ந்து வர்றோம், ஒரு நாள் பண்ணை முழுக்கப் பெருக்கிக் கொடுத்துடறோம்" என்றார். வேண்டாம் என்றேன். அவருக்கு வருத்தம். மிச்சிகன்காரர் கழிப்பறை கழுவினார், சரி. அங்கே அந்த வேலைக்குச் சம்பள ஆள் வைப்பது கட்டுப்படியாகாது. நம் ஊரில் அப்படியா? பெருக்குவதற்குப் பக்கத்துக் குப்பத்திலிருந்து ஒரு பெண் வருகிறார். அந்தக் கூலியில் ஒரு வீடு ஓடுகிறது. பென்ஷன் வாங்குகிற நான் அதை இலவசமாகச் செய்தால், நான் கொடுப்பது தொண்டு இல்லை, அவர் வீட்டுச் சோற்றை எடுப்பது. எனவே ஒருவருக்குக் கூலி கிடைக்கிற வேலையில் நான் கை வைப்பதில்லை. யாருக்கும் கூலி கொடுக்க முடியாத வேலை எவ்வளவோ இருக்கிறது. நிற்பது, பதில் சொல்வது, எண்ணுவது, பதிவேடு எழுதுவது. அதெல்லாம் நமக்கு வரும்.

கூலியைப் பற்றிப் பேசும்போது இருளர்களைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. பண்ணை வளாகத்திலேயே இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் இருக்கிறது. 1978-ல் தொடங்கியது. அதுவரை பாம்புத் தோல் வியாபாரத்தில் பிழைத்தவர்கள். சட்டம் வந்ததும் பிழைப்புப் போனது. சங்கம் வந்த பிறகு நாகம், கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் நான்கையும் உயிரோடு பிடித்து வந்து, சில வாரம் வைத்து விஷம் எடுத்துவிட்டு, மறுபடியும் காட்டில் விடுகிறார்கள். பாம்புக்கடி மருந்துக்கு அந்த விஷம்தான் மூலம். வயலில் கடிபட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுகிற விவசாயி பிழைப்பதில் இவர்கள் கைக்கும் பங்கு இருக்கிறது.

நான் பார்த்த ஃபுளோரிடாவுக்கு என்னைவிட ஆறு வருஷம் முன்னாலேயே இந்தச் செங்கல்பட்டுப் பக்கத்திலிருந்து இரண்டு பேர் போய்விட்டார்கள் என்பது இங்கே வந்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது. மாசி சடையன், வடிவேல் கோபால் என்ற இருளர்கள். அங்கே வீட்டில் வளர்த்துத் தப்பவிட்ட பர்மிய மலைப்பாம்புகள் எவர்கிளேட்ஸ் சதுப்புக்காட்டில் பெருகி, முயல், மான் எல்லாவற்றையும் தீர்த்துக்கொண்டிருந்தன. 2016-ல் போட்டி வைத்தார்கள். ஆயிரம் பேருக்கு மேல் ஒரு மாசம் தேடி 106 பாம்பு பிடித்தார்கள். 2017 ஜனவரியில் இந்த இரண்டு பேரையும் வரவழைத்தார்கள். முதல் இரண்டு வாரத்துக்குள் 13 மலைப்பாம்பு! அதில் ஒன்று பதினாறு அடி. அதே குளிர்காலத்தில்தான் பனிப்பறவைகள் கேரவனில் வந்து தொண்டு செய்கிறார்கள். ஆனால் இவர்கள் தொண்டுக்குப் போகவில்லை. நிபுணர்களாக, பணம் பெற்றுக்கொண்டு போனார்கள். அதுதான் முறை. இரண்டு பேருக்கும் 2023-ல் பத்மஸ்ரீ கிடைத்தது.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், நாம் பட்டம் வாங்கியவர்கள், அங்கே போனதும் நாம் சொல்லிக் கொடுக்கப் போகிறோம் என்ற நினைப்பு வரும். பண்ணையில் இருக்கிற இருளர் ஒருவரை நான் அண்ணே என்றுதான் கூப்பிடுகிறேன், என்னைவிட மூன்று வயது மூத்தவர். ஈரமண்ணில் ஒரு கோட்டைப் பார்த்துவிட்டு, "ராத்திரி சாரை போயிருக்குது சார், இந்தப் பக்கமா" என்பார். எனக்குக் கோடே தெரியாது.

அடுத்தது ஆமை. பங்குனி ஆமை என்று மீனவர்கள் சொல்கிற ஆலிவ் ரிட்லி, தை முதல் நம் கரையில் ஏறி முட்டையிடும். ஒரு குழிக்கு நூறு முட்டைக்கு மேல்கூட இருக்கும். சென்னையில் மாணவர்களே நடத்துகிற கடல் ஆமைப் பாதுகாப்பு அமைப்பு 1988 முதல் இரவில் கடற்கரையில் நடந்து முட்டைகளைக் காப்பாற்றி வருகிறது. அதற்கும் முன்னால் எழுபதுகளிலேயே பாம்புப் பண்ணைக்காரர்கள் நடந்தார்கள். அவர்களில் சதீஷ் பாஸ்கர் என்பவரை மாணவர்கள் அறிந்துகொள்ள வேண்டும். 1982-ல் லட்சத்தீவில் ஆளில்லாத ஒரு தீவில் மழைக்காலம் முழுக்கத் தனியாக இருந்து ஆமைகளைக் கவனித்தார். மனைவிக்கு எழுதிய கடிதத்தைப் பாட்டிலில் அடைத்துக் கடலில் போட்டார். அது இலங்கைக் கரையில் ஒரு மீனவர் கையில் கிடைத்து, அவர் தபாலில் அனுப்பி, மனைவிக்கு வந்து சேர்ந்தது. 2023-ல் மறைந்தார்.

இரவு நடை இளவட்டங்களுக்கு. எனக்குச் சர்க்கரை உண்டு. இரவு இரண்டு மணிக்கு மணலில் நடக்க டாக்டர் விடமாட்டார். நான் விடிகாலை நடை. இரண்டாவது வருஷம், 2025 ஜனவரி, பொங்கல் கூட்டத்தைப் பற்றித்தான் கவலைப்பட்டுக்கொண்டிருந்தோம். கரையில் செத்த ஆமைகள் ஒதுங்க ஆரம்பித்தன. ஒரு நாள் காலையில் நான் நடந்த தூரத்தில் மட்டும் ஏழு. கழுத்து வீங்கி, கண் பிதுங்கி. ஆமைக்கு மூச்சு விட மேலே வர வேண்டும். இழுவை வலைக்குள் மாட்டினால் மூச்சு முட்டிச் சாகும். அந்தப் பருவத்தில் சென்னையையும் சுற்றியுள்ள கரைகளையும் சேர்த்து ஆயிரத்துக்கு மேல் ஒதுங்கின. பசுமைத் தீர்ப்பாயம் தானாகவே வழக்கு எடுத்தது. கரையிலிருந்து ஐந்து கடல் மைல் தூரத்துக்குள் இழுவைப் படகு வரக்கூடாது என்று சட்டம் இருக்கிறது. சட்டம் இருக்கிறது என்பதை மட்டும் சொல்லிக்கொள்கிறேன்.

குப்பத்தில் வலை பின்னிக்கொண்டிருந்த ஒரு பெரியவர், "எங்க சின்ன வலையில இத்தினி மாட்டாது சார். மாட்னாலும் அறுத்து வுட்டுருவோம், அது சாமி" என்றார். அவர் குரலில் கோபம், பயம் இரண்டும் இருந்தன. பழி தங்கள் தலையில் விழுந்துவிடுமோ என்ற பயம். அந்த மாதிரி நேரத்தில் ஒழுங்கான கணக்கு எவ்வளவு தேவை என்று எனக்குப் புரிந்தது. எந்த இடத்தில், எந்தத் தேதியில், ஓடு எத்தனை சென்டிமீட்டர், வால் நீளமா குட்டையா. நீளமானால் ஆண். கணக்கு இல்லையென்றால் ஆளுக்கு ஒரு எண்ணிக்கை சொல்வார்கள், சத்தமாகச் சொல்பவர் சொல்வது நிற்கும். முப்பத்தொன்பது வருஷம் ஊரார் பணத்தை எண்ணிப் பேரேட்டில் ஏற்றியவன் நான். நாற்பத்தைந்து நாள், ஒரு நாள் விடாமல், எண்ணி எழுதி வனத்துறையிடம் கொடுத்தேன். ஆமை பட்டியலிடப்பட்ட பாதுகாப்பு விலங்கு, செத்ததையும் நாம் தொடக்கூடாது. அளவெடுப்பதைக்கூடத் துறையின் ஆள் பக்கத்தில் இருக்கும்போதுதான் செய்தேன். வேலை பெரிதில்லை. ஆனால் அந்தக் காலைகளை நான் மறக்கமாட்டேன். அலை ஒவ்வொன்றாகக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போகும்.

வர விரும்புகிற நண்பர்களுக்குச் சில விஷயம். முன்கூட்டியே எழுதிக் கேட்டு, அவர்கள் சொல்கிற நாட்களில் மட்டும் வாருங்கள். ஒரு வாரம் வந்துவிட்டு மறுவாரம் பேரன் பிறந்தநாள் என்று போவதானால் வரவே வேண்டாம். நம்மை நம்பி அங்கே ஓர் இடம் காலியாக விடப்பட்டிருக்கும். பேனர், சால்வை, மாலை எதுவும் வேண்டாம். தொப்பி, தண்ணீர், மாத்திரை கொண்டு வாருங்கள். இடுப்பு வலிக்கும், அதற்கு முன்னால் பேசிய நண்பரைப் பாருங்கள். செலவு நம்முடையது. வாடகை, சாப்பாடு எல்லாம் சேர்த்து எங்கள் இருவருக்கும் பென்ஷனில் அடங்குகிறது. எல்லோருக்கும் அடங்கும் என்று சொல்லமாட்டேன். இந்நாள் மாணவர்கள் சனிக்கிழமை இரவு ஆமை நடைக்குப் போகலாம். அதற்குக் கால் மட்டும் இருந்தால் போதும், அது உங்களிடம் இருக்கிறது.

"உனக்கு இதுல என்ன கிடைக்குது?" என்று நேற்று இரவு விடுதி அறையில் என் பழைய அறைத்தோழன் கேட்டான். நேர்மையான கேள்வி. மிச்சிகன்காரருக்கு வண்டி நிறுத்த இடம், வேடந்தாங்கல்காரருக்கு உரத்தண்ணீர். எனக்கு? ஓய்வு பெற்ற மறுநாளிலிருந்து ஒன்பது மணிக்கு என்னை எதிர்பார்க்க உலகத்தில் ஒருவரும் இல்லாமல் போனார்கள். இப்போது நாலு மாசம், ஒன்பது அடித்து ஐந்து நிமிஷம் ஆகிவிட்டால் அந்தப் பெண் போன் செய்து, "சார், எங்க இருக்கீங்க? ரெண்டு பஸ் வந்து நிக்குது" என்கிறார்.

செயலாளர் கடிகாரத்தைக் காட்டுகிறார், பந்தியில் இலை போட்டுவிட்டார்களாம். வருகிற மார்கழி முதல் தேதி நாங்கள் நெம்மேலியில் இருப்போம். வருகிறவர்கள் போர்வை கொண்டு வாருங்கள், விடிகாலைக் கடற்காற்று நாம் நினைப்பதைவிடக் குளிரும்.